எங்கட அன்னபூரணி

பாய்மரக் கப்பல் என்றதும் கொலம்பஸ் பெயரைச் சொல்லுவான் பள்ளிப் பிள்ளை. அவனைக் குறைகூறமாட்டோம், பாடப்புத்தகம் தந்தது அவ்வளவே! நாம் சொல்லவந்தது வல்வெட்டித்துறைக் கப்பலின் கதை.

யாழ்ப்பாணத்து வடகரையிலே உள்ள அந்த ஊரில், 1930-இல், வேப்பமரத்தைச் செதுக்கி, 89 அடி நீளத்தில் கட்டினார்கள் 'அன்னபூரணி அம்மாள்' கப்பலை. பெரிய தொழிற்சாலை உண்டா? இல்லை. கடற்கரை மணலே பட்டறை!

சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். பணம் கொடுத்தவரின் உரிமை அது, மறுக்கவில்லை. ஆனால் சூயஸ் கடந்து, அட்லாண்டிக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1-இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளஸ்டர் துறைமுகத்தில் கொண்டுசேர்க்கப் பாய் இழுத்தவர்கள் யார்? தம்பிப்பிள்ளைத் தண்டயலும் அவருடன் சென்ற வல்வை மாலுமிகளும் அல்லவா!

அவ்வூர்த் தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கதை கேட்டோம். அவருடைய பாட்டனார் அந்தக் கப்பலுக்கு உழைத்த தச்சர். விலைபோன கப்பல் துறையைவிட்டுப் புறப்பட்ட அன்று, கிழவர் கரைப்பக்கமே போகவில்லையாம். "மகளைக் கட்டிக் குடுத்தாச்சு, இனிப் படலையில நிண்டு அழுறதே?" என்றாராம். அமெரிக்கா சேர்ந்த செய்தி வந்த அன்றுதான் அழுதாராம். பாட்டி பார்த்துவிட்டாள், அதனால் கதை நமக்குக் கிடைத்தது.

'புளோரன்ஸ்' என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லக் கேட்கவில்லை. "எங்கட அன்னபூரணி" என்றே சொன்னார்கள். கிழவரின் வாய்ச்சியையும் எடுத்துக் காட்டினார்கள். இரும்பு பழையதுதான், பிடி மட்டும் மூன்றாவதாம்.