போஸ்டரில் இல்லாத ராக்கெட்

லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போனபோது ட்ரங்குப் பெட்டியில் பெரிய மாமாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. கணக்கெல்லாம் தப்பு. ஆனா அட்டை பிரமாதம்! ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழத் தாளைக் கிழித்து அட்டை போட்டிருந்தார். அதில் அந்தக் காலத்து ரஷ்யப் போஸ்டர் ஒன்றின் படம். சிவப்பு வானம், ஹெல்மெட்டோடு சிரிக்கும் யூரி ககாரின், பின்னால் ஊசி மாதிரி ஒரு ராக்கெட்.

1961 ஏப்ரல் 12-இல் வோஸ்டாக் 1 கலத்தில் பூமியைச் சுற்றி, 108 நிமிடத்தில் திரும்பிய ககாரின்தான் விண்வெளிக்குப் போன முதல் மனிதர். அமெரிக்காவோடு போட்டி நடந்த காலம். சோவியத் அரசு போஸ்டராக அடித்துத் தள்ளியது. 1963-இல் வாலன்டினா தெரஷ்கோவா போனதும் அவருக்கும் போஸ்டர். அவர் முன்பு நூல் ஆலையில் வேலை பார்த்தவர். ‘எங்க நாட்டுல மில் தொழிலாளிகூட விண்வெளிக்குப் போகலாம்’ என்று உலகத்துக்குக் காட்ட அதைவிட நல்ல முகம் ஏது?

இப்போ அந்த ஊசி ராக்கெட்டுக்கு வருவோம். அப்படி ஒரு ராக்கெட்டே கிடையாது! ககாரின் போன ராக்கெட் அணுகுண்டு ஏவுகணையிலிருந்து உருவானது. அதனால் அதன் வடிவம் ரகசியம். ஓவியர்கள் கற்பனையில் வரைந்தார்கள். நிஜ ராக்கெட்டின் அடிப்பாகத்தில் நாலு பக்கமும் நாலு துணை ராக்கெட்டுகள் ஒட்டியிருக்கும். 1967-இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில்தான் உலகம் அதைப் பார்த்தது.

இன்னொன்றையும் மறைத்தார்கள். ககாரின் கலத்தோடு தரையிறங்கவில்லை. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே குதித்து, பாராசூட்டில் தனியாக இறங்கினார். கலத்தோடு இறங்கினால்தான் உலக சாதனை என்று அப்போது விதி. அதனால் பல வருஷம் வாயே திறக்கவில்லை.

எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது செர்கெய் கொரொலேவ் விஷயம்தான். ராக்கெட்டை உருவாக்கிய தலைமை வடிவமைப்பாளர் அவர். 1938-இல் இதே அரசு அவரைச் சிறையில் போட்டிருக்கிறது. சினிமாப் போஸ்டரில் கேமராமேன் பேராவது பொடி எழுத்தில் இருக்கும். இவர் பேர் எதிலும் இல்லை. 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகே பேப்பரில் வெளியிட்டார்கள்.

இதைப் படித்ததும் நம்ம மகேந்திரகிரி ஞாபகம் வந்தது. ககன்யானில் போவதற்குத் தேர்வான நாலு பேரை 2024 பிப்ரவரி 27-இல் அறிவித்தார்கள். எல்லாப் பேப்பரிலும் அவர்கள் படம். அந்த ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சினை 2022 ஜனவரி 12-இல் தொடர்ந்து 720 விநாடி ஓட்டிச் சோதித்தது நம்ம மகேந்திரகிரியில்தான். சோதித்தவர்கள் யார்? இங்கே ரகசியம் ஒன்றும் இல்லை, நாமதான் கேட்பதில்லை.

விண்வெளி வாரத்துக்குப் போஸ்டர் வரையச் சொன்னபோது, எங்க தெருவிலிருந்து தினமும் மகேந்திரகிரிக்கு வேலைக்குப் போகும் மாமாவிடம் போய், “உங்க முகத்தை வரையட்டுமா மாமா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

“எம் மூஞ்சிய எதுக்குல போடுத? 720-னு பெருசா எழுது, போதும்.”

ரெண்டையும் போட்டிருக்கிறேன். பக்கத்துச் சுவரில் இருக்கிறது, பாருங்கள். மீசை மட்டும் சரியா வரல.