சலவைப் பொறியின் நாடி

இயந்திரத்துக்கு உயிர் இல்லை; ஆனால் நோய் உண்டு. நோய் வந்தால் அதற்குத் தெரிந்த மொழி சத்தம் ஒன்றே. தலையிடியை ஒருவிதமாகவும் வயிற்றுக்குத்தை வேறொருவிதமாகவும் நாம் எடுத்துச் சொல்வதுபோலச் சலவைப் பொறியும் தன் நோய்களை வெவ்வேறு சத்தங்களிலேயே சொல்கின்றது. நாம்தாம் எல்லாவற்றையும் 'இரைச்சல்' என்னும் ஒற்றைச் சொல்லிற் போட்டுக் கட்டிவிடுகின்றோம்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகின்றேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் எங்கள் வாசம். பாரிசவாதத்தாற் படுக்கையிலாகிவிட்ட என் தாயார் எங்களுடன் இருக்கின்றார். நாளொன்றுக்கு நான்கு விரிப்புகள், ஐந்தாறு துவாய்கள், மாற்றுடைகள். இவ்வளவையும் தோய்த்துத் தருவது முன்பக்கம் கதவுடைய, எட்டு வயதான ஒரு சலவைப் பொறி. அது ஒரு மாசி மாதத்தில் உறுமத் தொடங்கிற்று. கீழ்வீட்டில் வசிக்கும் இளைப்பாறிய ஆசிரியர் மிகுந்த பண்போடு, "தம்பி, மேலே மா அரைக்கிற மில் ஏதும் போட்டிருக்கிறீரோ?" என்று விசாரித்தார்.

திருத்துநர் ஒருவரை அழைத்தோம். அவர் பொறியை இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார். "ஐயா, பேறிங் போட்டுது. இதைக் கழட்டிப் பூட்டுற காசுக்குப் புதிசிலை பாதி வாங்கலாம். புதிசொன்று எடுங்கோ" என்று சொல்லிப் போய்விட்டார். புதியது வாங்கப் பணம் இல்லாமலில்லை. ஆனால் அது தாயாரின் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் இயன்மருத்துவருக்கென்று ஒதுக்கிய பணம். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அப்பொறியோடு கழிப்பதென்று தீர்மானித்தேன்.

அதன் உள்ளமைப்பைச் சற்றே மனத்திற் கொள்ளல் வேண்டும். நீரைத் தாங்கும் பெருந் தொட்டி ஒன்று, அது சுழலாது. அதனுள்ளே துளைகள் நிறைந்த உருக்கு உருளை. உடுப்பு இருப்பது இதனுள். உருளையின் முதுகிலிருந்து புறப்படும் அச்சு, தொட்டியின் பின்சுவரிலுள்ள இரண்டு பேறிங்குகளுக்கூடாக வெளியே வந்து ஒரு பெரிய சில்லைச் சுமக்கின்றது. அச்சில்லையும் கீழேயுள்ள மோட்டரையும் ஒரு பெல்ற் இணைக்கின்றது. (புதியன சிலவற்றிற் பெல்ற் இல்லை, மோட்டரே நேராக அச்சைச் சுழற்றும்.) தொட்டி முழுவதும் மேலே சுருள்விற்களில் தொங்கிக்கொண்டு, கீழே அதிர்வு தணிக்கும் தண்டுகளின்மேல் நிற்கின்றது. அதன் துள்ளலை அடக்கக் கொங்கிறீற்றுக் கட்டிகளும் பூட்டியிருப்பார்கள். இரண்டுபேர் சேர்ந்து தூக்கியும் பொறி அசைய மறுக்கின்றதே, அப்பாரத்தில் ஒரு பெரும்பங்கு இக்கட்டிகளுடையது.

இவ்வளவும் தெரிந்தால், என்ன சத்தம் என்று கேட்குமுன் எப்பொழுது சத்தம் என்று கேட்கத் தோன்றும். நீர் வெளியேறும்போது மாத்திரம் கடகடவென்றால் குற்றம் பம்பியில் இருக்கலாம். முன்பக்கத்தின் அடியிலே ஒரு சிறு கதவு உண்டு. அதனைத் திறந்து வடியைக் கழற்றினால் சில்லறைக் காசும் பொத்தானும் வெளிவரும். கீழே ஒரு தட்டமும் பழந் துவாயும் வைத்துக்கொள்ளாதவர் குளியலறை முழுவதையும் துடைக்க நேரும். உருளை மெதுவாகச் சுழலும்போதே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'கீச்' என்றால் ஏதோ ஒரு பொருள் உருளைக்கும் தொட்டிக்கும் நடுவே சிக்கியிருக்கின்றது. மோட்டரின் பக்கமிருந்து சடசடப்பும் தீப்பொறியும் வந்தால் அதன் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கும். பொறி புதிதாக வீட்டுக்கு வந்த அன்றே குதித்தால், பிரயாணத்தின்போது தொட்டி ஆடாமலிருக்கப் பின்புறம் பூட்டிய நீண்ட ஆணிகளை எவரும் கழற்றவில்லை என்க.

பிழியும் வேளையில் மாத்திரம் எழும் சத்தம் தனி வகை. நிமிடத்துக்கு 1200 முறை சுழலும் உருளை. அதன் ஆரை 24 சதமமீற்றர். ஓரத்திலே அரைக் கிலோ நனைந்த துணி ஒருபக்கமாக ஒதுங்கிவிட்டதென வைத்துக்கொள்வோம். அத்துணி உருளையை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 190 கிலோ நிறைக்குச் சமம். கோணவேகத்தின் வர்க்கத்தை ஆரையாற் பெருக்கிப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இக்காலப் பொறிகள் துணியைப் பலமுறை உதறிப் பரப்பிப் பார்த்து, முடியாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆயினும் தனியே ஒரு பெரிய விரிப்பைப் போட்டால் அது பந்தாகச் சுருண்டு பொறியை அலைக்கழித்தே தீரும். விரிப்போடு இரண்டு மூன்று துவாய்களையும் கூடப் போடுவது நன்று.

ஆகவே வெறும் பொறியைப் பிழியவிட்டுப் பார்த்தேன். துள்ளல் குறைந்தது, உறுமல் குறையவில்லை. இரண்டு நோய்கள் ஒரே நாளில் வந்து ஒன்றன் குரலை மற்றது மறைத்து நின்றன.

துள்ளலுக்குக் காரணம் கால். நம் நாட்டிற் குளியலறைத் தரையை நீர் வடியச் சாய்வாகவே போடுகின்றார்கள். நான்கு கால்களில் மூன்றே தரையைத் தொட்டால் பொறி நொண்டும். மூலைக்கு மூலை அழுத்தியபோது பின்கால் ஒன்று ஆடிற்று. மேசன்மாரின் நீர்மட்டத்தை இரவல் வாங்கி மேலே வைத்து, காலைத் திருகி உயர்த்தி, பூட்டுச் சுரையைப் பொறியின் அடித்தகட்டோடு இறுக்கினேன். அச்சுரையை இறுக்காவிட்டாற் சில வாரங்களிற் கால் தானே இறங்கிவிடும்.

இனி உறுமல். பாரிஸ் நகரில் 1816ஆம் ஆண்டு லெனெக் என்னும் வைத்தியர் கடதாசியைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இன்று வைத்தியர்களின் கழுத்திலே தொங்குங் கருவி அதிலிருந்து பிறந்தது. பொறிக்கு அவ்வளவும் வேண்டாம். நீண்ட மரத்தடி ஒன்றின் ஒரு நுனியைத் தகட்டிலும் மறுநுனியைக் காதோரத்து எலும்பிலும் வைத்தாற் போதும். முதுகுப்புறத்தின் நடுவில் ஒலி மந்தம். அடிப்பாகத்திலோ காதைக் குத்திற்று. பேறிங் இருப்பது நடுவிலல்லவா? எனக்கு ஐயம் பிறந்தது அவ்விடத்திலேதான்.

பின்னர் மின்தொடர்பைக் கழற்றினேன். (ஆளியை அணைத்தாற் போதாது; பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்து எடுத்துவிட வேண்டும்.) கதவைத் திறந்து, உருளையின் மேல்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். உருளையும் தொட்டியும் சேர்ந்தே அசைந்தால் அது சுருள்வில்லின் இயல்பான ஆட்டம். தொட்டி நிற்க உருளை தனியே ஆடினால் பேறிங் தேய்ந்ததற்கு அறிகுறி. தனியாட்டம் இல்லை. பின்தகட்டின் திருகாணிகளைக் கழற்றி, பெல்ற்றையும் எடுத்துவிட்டு, உருளையைக் கையாற் சுழற்றினேன். 'கீச்' அப்படியே இருந்தது. மோட்டர் குற்றவாளி அன்று. எஞ்சியது தொட்டியின் அடிவயிறு.

தொட்டியின் அடியிலே நீரைச் சூடாக்கும் வளைகம்பி ஒன்று உண்டு. என் பொறியில் அது பின்புறத்தில் இருக்கின்றது. சிலவற்றில் முன்புறத்தில் இருக்கும். நீரை வடித்து, வயர்களின் ஒழுங்கைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு, நடுச் சுரையைத் தளர்த்தி, அதன் ஆணியை மெல்ல உள்ளே தட்டினேன். றப்பர் விட்டுக்கொடுக்கக் கம்பி வெளியே வந்தது. அத்துளைக்கூடாக விரலை விட்டுத் துழாவியபோது இரண்டு ரூபாக் காசொன்றும், வளைந்து ஒருபக்கம் வெள்ளிபோலத் தேய்ந்த கொண்டை ஊசியொன்றும் கிடைத்தன.

"இஞ்சாருங்கோ, இது மாமியின்ரை" என்றார் மனைவி. தாயாரிடங் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு இப்பொழுது பேச்சு மெதுவாகத்தான் வரும். "தம்பி, ஒரு சோடியிலை ஒண்டைக் காணேல்லை எண்டு நான் சொன்னனான்" என்றார். தலையணை உறையோடு போயிருக்கிறது. அன்றுமுதல் உறைகளை உட்புறம் வெளியாக்கி உதறிய பின்னரே போடுகின்றோம். உள்ளே கம்பியுள்ள மகளிர் உடுப்புகளுக்கு வலைப்பை ஒன்றும் வாங்கியாயிற்று.

வளைகம்பியைத் திரும்பப் பூட்டுகையில் அதன் நுனி தொட்டியினுள் இருக்கும் கவ்வியிற் சரியாக நுழையவேண்டும். தவறினால் உருளை அதனை உரசும். றப்பரிற் சிறிது சவர்க்கார நீர் பூசினால் இலகுவில் ஏறும். பின்தகட்டை மூடுமுன் நீரை நிரப்பி, மீண்டும் மின்தொடர்பை நீக்கிவிட்டுக் கசிவு பார்த்தேன். சொட்டும் இல்லை.

திருத்துநர் சொன்ன நோய் பொய்யான நோயன்று. அச்சைச் சூழ்ந்த றப்பர் வளையம் தேய்ந்து நீர் உட்புகுந்தால் பேறிங் துருப்பிடிக்கும். அப்பொழுது எழுவது ஆகாயவிமானம் புறப்படுவது போன்ற ஒலி. வேகத்தோடு ஏறி வேகத்தோடு இறங்கும். பின்புறத்திலே துருநிறக் கோடு வழிந்திருக்கும். பேறிங் விலையுயர்ந்த பொருளன்று. 6205, 6206 முதலிய இலக்கங்கள் பொறித்துப் பல பொறிகளிற் பாவிப்பவை; 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52. செலவெல்லாம் தொட்டியைப் பிரிப்பதில் இருக்கின்றது. தொட்டியின் இரு பாதிகளையும் திருகாணியால் இணைத்த காலம்போய், உருக்கி ஒட்டிவிடும் வழக்கம் இப்பொழுது பெருகியிருக்கின்றது. பத்து ரூபா நோய்க்கு ஆளையே மாற்றச் சொல்லும் வைத்தியம் இது! ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து சலவைப் பொறிகளின் உதிரிப்பாகங்கள் பத்தாண்டுகளுக்குக் கிடைக்கவேண்டுமென்று விதித்துள்ளது. உருளையும் அதன் பேறிங்குகளும் அப்பட்டியலில் உண்டு. அத்தகைய சட்டம் இங்கும் வந்தால் நல்லது.

எங்கள் பொறியின் தொட்டி திருகாணிகளால் இணைந்தது என்பதைத் தகட்டைக் கழற்றியபோதே பார்த்துக்கொண்டேன். அத்தகட்டின் உட்புறத்தில், அடுத்துத் திறப்பவர் எவராயினும் காணும்படி, அன்றைய திகதியையும் எடுத்த பொருள்களையும் பென்சிலால் எழுதி மூடியிருக்கின்றேன்.