வாங்கும் முன் வீட்டைப் பார்த்தல்

யாழ்ப்பாணத்திலே வீடொன்று விலைக்கு வருகிறதெனக் கேள்வியுற்றதும் நாம் முதலில் விசாரிப்பது உறுதியைப் பற்றியே. காணி எத்தனை பரப்பு, பங்காளிகள் உளரா, ஈடு வைக்கப்பட்டுள்ளதா என்றெல்லாம் கேட்போம். நல்ல வழக்கமே அது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நில விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது. ஆதலின் பத்திரங்களை ஆராய நொத்தாரிசு இருக்கிறார். வங்கியிற் கடன் கேட்டால் விலைமதிப்பாளரும் வருவார். ஆயினும், நேயர்களே, நொத்தாரிசு பார்ப்பது கடதாசியை. விலைமதிப்பாளர் பார்ப்பது, கடனுக்கு அந்த ஆதனம் ஈடாகுமா என்பதை. கூரை ஒழுகுமா, சுவர் நிற்குமா, கிணற்று நீர் குடிக்கத்தக்கதா என்று பார்ப்பதற்கு, வாங்குபவர் தாமே ஏற்பாடு செய்தாலன்றி, ஒருவரும் இல்லை.

பின்னர் வழக்குப் பேசலாமே என்று எண்ணுவோரும் உளர். நம் நாட்டில் நில விற்பனையை ஆளும் உரோம டச்சுச் சட்டம், மறைந்து கிடந்த பெருங்குறைக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் சாதாரணமாகப் பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு அவர் பொறுப்பல்லர். மறைந்த குறைக்கான பொறுப்பையும் உடன்படிக்கையில் ஒரு வாசகத்தால் விலக்கிக்கொள்ள இடமுண்டு. எனவே அச்சவாரம் கொடுப்பதற்கு முன்னரே, அனுபவமுள்ள மேசன் ஒருவரையும் தச்சர் ஒருவரையும், இயலுமாயின் கட்டடப் பொறியியலாளர் ஒருவரையும் அழைத்துச் செல்க. தரகர் கொண்டுவரும் ஆள் வேண்டாம். அவருக்கு விற்பனை முடிந்தாற் போதும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரின் அடிப்பாகத்தை நோக்குக. நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சாந்து பொருக்கெழும்பி, வெண்மையான உப்புப் பூத்திருந்தால், ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறதென்று பொருள். நம் பழைய வீடுகள் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. அச்சாந்து ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். வீடு முழுவதும் பழைய பூச்சாக இருக்க, ஓர் அறையில் மட்டும் புது வெள்ளை பளிச்சிட்டால், அந்த அறையிலேயே அதிக நேரம் நிற்க வேண்டும்.

மயிரிழை போன்ற வெடிப்புகள் பூச்சிலே தோன்றுவன. அவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடி, சுவரின் இருபுறமும் தெரியும் வெடிப்பு வேறு வகை. 2009 இல் போர் முடிந்த பின்னர் திருத்தப்பட்ட வீடுகளில், பழைய கற்சுவரும் புதிய சீமெந்துக்கல் சுவரும் பொருந்தும் இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். கடலோர வீடாயின் கொங்கிறீற்றுத் தட்டின் அடிப்பக்கத்தையும் பார்க்க. கடல் மணல் கலந்து கட்டியிருந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும்.

கூரையில் ஓடு மாற்றுவது பெரிய காரியமன்று, மரமே காரியம். தீராந்தியின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் திருகாணிச் சாவியாற் குத்திப் பார்க்கச் சொல்லுக. வைரமான பனைமரம் எளிதிற் கெடாது. வைரம் குறைந்த சோற்றிப் பகுதியைக் கறையான் தின்று, வெளித்தோற்றத்தை மட்டும் விட்டுவைக்கும்.

இனிக் கிணறு. குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் உண்டென்பது கணக்கு. மேலே ஓர் அடி குறையின், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் அத்தனை அடி ஏறும். மாரியில் இனிக்கும் கிணறு ஆவணி புரட்டாதியில் உவர்ப்பது இதனாலேதான். ஆகவே கூரையை மாரி மழையிலும் கிணற்றைக் கோடையின் கடைசியிலும் பார்ப்பதே முறை. இரண்டுக்கும் காத்திருக்க இயலாதவர், அயல்வீட்டுப் பெண்களிடம் கேட்பது நன்று. அவர்கள் வீட்டுக்காரரைவிட உண்மை சொல்வார்கள்.

சுவை மட்டும் போதாது. பாறையின் வெடிப்புகள் வழியே மலசலகூடக் குழியின் கசிவும், தோட்டங்களுக்கு இடும் பசளையும் கிணற்றை அடைகின்றன. அவற்றிலிருந்து வரும் நைத்திரேற்று கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மீறினால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு, அந்நீரிற் கரைத்த பால் ஆபத்தாகும். ஆய்வுகூடத்திற் பரிசோதிப்பதே வழி. பங்குக் கிணறாயின், நீர் அள்ளும் உரிமையும் வழியுரிமையும் உறுதியில் எழுதப்பட்டுள்ளனவா என நொத்தாரிசிடம் கேட்க மறவாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, அற்றோணித் தத்துவம் மூலம் வீடு வாங்குவோர் இன்று பலர். பல ஆண்டுக் குளிரிலும் இரவு வேலையிலும் சேர்த்த பணம் அது. தொலைபேசியில் வரும் படத்தில் ஈரமும் தெரியாது, உவரும் தெரியாது. அவர்கள், பார்த்தவரின் அறிக்கையை எழுத்தில், ஒப்பத்துடன் பெற வேண்டும்.

குறை கண்டதும் வீட்டைக் கைவிட வேண்டுமென்பதில்லை. திருத்தச் செலவை மேசனிடம் கணக்கிட்டு வாங்கி, அத்தொகையை விலையிற் கழிக்கக் கேட்கலாம்; அல்லது உறுதி முடியுமுன் விற்பவரே திருத்தித் தர வேண்டுமென உடன்படிக்கையில் எழுதலாம். நீர்ப் பரிசோதனையின் முடிவு வரும்வரை அச்சவாரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.