எட்டி காட்டிய பிரேக்

1816-இல் தாவரத் தோட்டம் அமைக்கும் பொறுப்போடு புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ, அதற்கு முன்பே ஒரு நஞ்சால் பாரிஸில் அறியப்பட்டவர். ஜாவாத் தீவினர் அம்பு நுனியில் பூசிய ‘உபாஸ்’ நஞ்சைப் பாரிஸில் கொண்டுசேர்த்தவர் அவர்தான். அதைத் தரும் கொடி நம் எட்டி மரத்துக்கு நெருங்கிய உறவு. 1809-இல் மஜாந்தி என்ற உடலியல் அறிஞர் அந்த நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார். உடல் விறைத்து வலிப்பு கண்டது. மூளையோடு தண்டுவடத்துக்கு இருந்த தொடர்பை அறுத்தபின்னும் வலிப்பு நிற்கவில்லை. தண்டுவடத்தைச் சிதைத்ததும் நின்றது. நஞ்சு தாக்கும் இடம் எது என்பது தெளிவாயிற்று.

1818-இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் எட்டியினக் கொட்டைகளிலிருந்து, அந்த நஞ்சின் சாரமான ஸ்ட்ரிக்னைனைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பணுக்களை முடுக்கும் வேதிப்பொருள்களும் உண்டு, அடக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. தண்டுவடத்தில் அடக்குவது பெரும்பாலும் கிளைசின். அது ஒட்டவேண்டிய ஏற்பியை ஸ்ட்ரிக்னைன் அடைத்துவிடுகிறது. பிரேக் அறுந்த வண்டிபோல், சிறு சத்தத்துக்கே தசைகள் மொத்தமும் இறுகிவிடுகின்றன.

மூளையில் முதன்மையான பிரேக் காபா. மீன்களை மயக்கிப் பிடிக்க நீரில் கலக்கும் காக்காய்க்கொல்லி விதையில் உள்ள பிக்ரோடாக்சின், காபா திறந்துவிடும் குளோரைடு வழியை அடைக்கிறது. ஆய்வுக்கூட எலிக்கு அதைச் செலுத்தினால் வலிப்பு வருகிறது. நரம்பணுக்களை முடுக்கும் குளுட்டமேட் பெருகுகிறது, கால்சியம் அணுக்களுக்குள் புகுகிறது, நைட்ரிக் ஆக்சைடு உருவாகிறது. ஆற்றல் தேவை எகிறுவதால் கையிருப்பான பாஸ்போகிரியேட்டின் கரைந்து லாக்டேட் ஏறுகிறது. அணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி செலவாகிச் சிதைந்து அடினோசினாகச் சேர்கிறது. அந்த அடினோசினே நரம்பணுக்களை அடக்கி, வலிப்பு ஓய உதவுகிறது.

இதில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கைச் சென்னை தரமணியில் உள்ள டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் எலிகளைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தகைய விலங்குச் சோதனைகளில் தேறிவந்த வலிப்பு மருந்துகள் பல. வலிப்பு நிற்காமல் மருத்துவமனைக்கு வருபவருக்கு ஊசியில் ஏற்றும் லோராசிபாம், காபாவின் பிடியை இறுக்குவதுதான்.

ஆனால் நலமாக இருக்கும் எலிக்கு நஞ்சால் ஒருமுறை வரவழைக்கும் வலிப்பு வேறு, ஆண்டுக்கணக்கில் தானாகவே திரும்பத் திரும்ப வரும் கால்கை வலிப்பு நோய் வேறு. இந்த வேறுபாட்டால்தான் 1980-களிலிருந்து பைலோகார்ப்பின் போன்ற பொருள்களால் எலிகளுக்கு நீண்ட வலிப்பை உண்டாக்கி, வாரக்கணக்கில் காத்திருந்து, அதன்பின் தானாக வரும் வலிப்புகளையும் கவனிக்கிறார்கள். வலிப்பை நிறுத்த மருந்துகள் இருக்கின்றன. வலிப்பு நோய் உருவாவதையே தடுக்கும் மருந்துக்கான தேடல்தான் இப்போது நடக்கிறது.