ஒரே தப்பு, இரண்டு தீர்ப்பு!

கால்பந்து ரசிகர்களுக்குக் கோபம் வருவது ஏன்?

முகப்பேர், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் கால்பந்து ரசிகர்கள் பெரிய ஆட்டம் பார்க்கவேண்டுமானால், சென்னை சென்டிரல் அருகே உள்ள நேரு ஸ்டேடியத்துக்குத்தான் போகவேண்டும். பஸ்சுக்குக் காசு, டிக்கெட்டுக்குக் காசு. ஒரு மாலைப் பொழுதே அதற்குப் போய்விடும்.

அங்கே என்ன நடக்கிறது? எதிரியின் காலை இடறிய ஒருவருக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டுகிறார். சிறிது நேரத்தில் இன்னொருவர் அதேபோல் இடறுகிறார். அவருக்கு அட்டை இல்லை!

"இது என்ன நியாயம்?" என்று ரசிகர்கள் கூச்சல் போடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கவனக்குறைவாக இடறினால் பிரீ கிக் மட்டும். எதிரிக்கு ஆபத்து வரும் என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய முரட்டுத்தனம் என்றால் சிவப்பு அட்டை. ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதுதான். இரண்டு மஞ்சள் அட்டை வாங்கினாலும் அதே கதிதான்.

எது கவனக்குறைவு, எது முரட்டுத்தனம்? அதை அளக்கத் தராசு கிடையாது. நடுவரின் கண்தான் தராசு! கண்ணுக்குக் கண் பார்வை மாறுகிறது. தீர்ப்பும் மாறுகிறது.

அட்டை பிறந்த கதை

ஒரு காலத்தில் அட்டையே கிடையாது. நடுவர் வாயால் எச்சரிப்பார்; நோட்டில் பெயரை எழுதிக்கொள்வார்.

1966-ம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடந்தது. இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. அர்ஜென்டினா தலைவர் ராட்டினை ஜெர்மன் நடுவர் வெளியேறச் சொன்னார். நடுவரின் பாஷை ராட்டினுக்குப் புரியவில்லை. பல நிமிடம் அவர் போக மறுத்தார். ஆட்டம் நின்றது.

நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கென் ஆஸ்டன். காரில் போகும்போது அவர் போக்குவரத்து விளக்கைப் பார்த்தார். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் நில்! பாஷையே வேண்டாம். யோசனை பிறந்தது. 1970-ம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன.

தீர்ப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் தீர்ப்பின் காரணம் தெரியவில்லை!

ஒருவருக்கு மூன்று மஞ்சள்!

நடுவரும் மனிதர்தானே? 2006-ம் ஆண்டு உலகக் கோப்பையில் குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின. பெயர்பெற்ற இங்கிலாந்து நடுவர் கிரகாம் போல், சிமுனிச் என்ற ஆட்டக்காரருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டியும் வெளியே அனுப்ப மறந்தார். மூன்றாவது அட்டைக்குப் பிறகே அனுப்பினார்!

பெங்களூரில் நடந்தது

2023 மார்ச் 3-ந் தேதி. ஐ.எஸ்.எல். போட்டியில் பெங்களூரு அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு பிரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் தயாராகும் முன்பே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் தள்ளினார். நடுவர் "கோல்" என்றார்.

கேரள அணி கொதித்தது. பயிற்சியாளர் வுகோமனோவிச் வீரர்களை மைதானத்தை விட்டே அழைத்துச் சென்றார்!

பலன்? தோல்விதான். அணிக்கு ரூ.4 கோடி அபராதம். பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்களில் தடை.

பிரீ கிக்கை உடனே அடிக்கச் சட்டம் இடம் தருகிறது. நடுவர் "பொறு" என்று சொல்லியிருந்தால்தான் காத்திருக்கவேண்டும். அவர் சொன்னாரா, இல்லையா என்பதில்தான் சண்டை. அந்த ஆட்டத்தில் வீடியோ நடுவரும் இல்லை.

வழி என்ன?

2018-ம் ஆண்டு உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் வந்தார். அப்போதும் முணுமுணுப்பு ஓயவில்லை. படத்தைப் பார்த்து முடிவு சொல்வதும் மனிதர்தானே!

2023-ம் ஆண்டு பெண்கள் உலகக் கோப்பையில் புது ஏற்பாடு செய்தார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு வந்த நடுவர், ஒலிபெருக்கி மூலம் தீர்ப்பை அறிவித்தார். என்ன தப்பு என்பதையும் சொன்னார். அரங்கம் முழுவதும் கேட்டது.

ரசிகர் கேட்பதும் அதைத்தான். தன் அணி தோற்பதை அவர் தாங்கிக்கொள்வார். ஏன் என்று தெரியாமல் தோற்பதைத்தான் தாங்கமாட்டார்.