தோளைக் கட்டினால் தலையையும் கட்டுங்கள்

சித்திரை பிறந்தால் மலையகத்தில் மோட்டார் பந்தயக் காலமும் பிறந்துவிடும். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம், நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதெல்ல என்று ஆட்கள் பேசத் தொடங்குவார்கள். வட்டவளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் இளைஞர்கள் பார்க்கப் போவார்கள். பார்த்துத் திரும்புகிறவர்களில் சிலருக்குத் தாமும் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அதற்குப் பந்தய வீரராக வேண்டியதில்லை. கட்டுகுருந்தையிலோ, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவையின் காரி தடத்திலோ ஏற்பாடு இருக்கும் நாளில் பணம் கட்டிச் சொந்தக் காரை மூடிய தடத்தில் ஓட்டலாம். இதைத்தான் ‘ட்ராக் டே’ என்கிறார்கள். அங்கே போட்டியுமில்லை, பரிசுமில்லை. அதனால் பந்தய வீரர்கள் தோளில் மாட்டும் கழுத்துப் பாதுகாப்புக் கருவி நமக்கெதற்கு என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது. எத்தனை வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதைவிட, உங்கள் உடம்பை ஆசனத்தோடு எது கட்டிவைத்திருக்கிறது என்பதே இதற்கான விடையை முடிவு செய்கிறது என்பது என் கருத்து.

மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு மண்மேட்டில் நேராக மோதுகிறது என்று வையுங்கள். காரின் முன்பகுதி நசுங்குவதும் ஆசனப் பட்டி இழுபடுவதும் சேர்ந்து, ஓட்டுநரின் உடம்பு நிற்பதற்கு அரை மீற்றர் தூரம் கிடைக்கிறது. அப்படியானால் அவர் மீது புவியீர்ப்பைப் போல சுமார் 28 மடங்கு விசை விழும். இது சராசரிதான், உச்சம் இதைவிடக் கூடும். தலையும் ஹெல்மட்டும் சேர்ந்து ஆறு கிலோ என்றால், அந்தக் கணத்தில் அவை 170 கிலோ போல முன்னுக்கு இழுக்கும். மார்பையும் தோளையும் பந்தயப் பட்டிகள் இறுக்கிப் பிடித்திருக்க, தலையை மட்டும் எதுவும் பிடித்திருப்பதில்லை. அந்த இழுவை முழுவதும் கழுத்து வழியாகப் போய், மண்டையோடு முதுகெலும்பின் மேல் உட்காரும் அடித்தளத்தில் இறங்குகிறது. அந்த எலும்பு முறிந்தால் பக்கத்திலுள்ள இரத்தக் குழாய்களும் மூளைத்தண்டும் கிழியக்கூடும். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஆள் இறந்துபோவது இப்படித்தான். ஹெல்மட் மண்டையை அடியிலிருந்து காக்கும். ஆனால் இந்த இழுவையை அது குறைப்பதில்லை. அதன் எடையும் சேர்வதால் கொஞ்சம் கூட்டவே செய்கிறது.

1981-இல் அமெரிக்காவின் மிட்-ஒஹையோ தடத்தில் பற்றிக் ஜாக்மார் என்ற ஓட்டுநர் இவ்வகைக் காயத்தால் இறந்தார். அவருடைய நண்பரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங், இதற்கு வழி தேடித் தன் உறவினரிடம் போனார். அந்த உறவினர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடலியக்கப் பொறியியல் பேராசிரியராயிருந்த ராபர்ட் ஹபார்ட். அவர் வடிவமைத்ததுதான் ஹான்ஸ். ‘யு’ வடிவ நுகம் ஒன்று இரு தோள்களிலும் அமர்கிறது. பந்தயப் பட்டிகள் அதன்மேல் இறுகி அதை உடம்போடு பிடிக்கின்றன. நுகத்தின் பின்பகுதியிலிருந்து இரண்டு நாடாக்கள் ஹெல்மட்டின் இருபக்கத்துக் கொக்கிகளுக்குப் போகின்றன. மோதும்போது தலையின் இழுவையில் பெரும்பகுதி கழுத்துக்குப் போகாமல் நாடா வழியாக நுகத்துக்கும், அங்கிருந்து பட்டிகளுக்கும் போய்விடும்.

பந்தய உலகம் இதை உடனே ஏற்கவில்லை. 1994-இல் இமோலாவில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இதே வகைக் காயத்தால் இறந்தார். 2001 பெப்ரவரி 18-இல் டேட்டோனாவில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், அமெரிக்காவின் நாஸ்கார் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதினார். பார்த்தவர்களுக்குச் சாதாரண மோதலாகத் தெரிந்த அது அவரைக் கொன்றது. அவர் இந்தக் கருவியை அணிய மறுத்தவர்களில் ஒருவர். அதே ஆண்டு ஒக்டோபரில் நாஸ்கார் கழுத்துப் பாதுகாப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2003-இல் ஃபார்முலா ஒன்றும், 2009 முதல் சர்வதேசப் பந்தயங்கள் அனைத்தும் பின்தொடர்ந்தன. எர்ன்ஹார்டுக்குப் பிறகு நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களில் எந்த ஓட்டுநரும் பந்தயத்தில் உயிரிழக்கவில்லை. அதிர்வை வாங்கும் சுவர்களும் நல்ல ஆசனங்களும் அதே காலத்தில்தான் வந்தன. ஆகவே முழுப் புகழையும் ஒரு கருவிக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் 2007-இல் மொன்றியலில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரொபேர்ட் குபிட்சாவின் கார் சுவரில் மோதிச் சிதறியபோது பதிவான உச்ச விசை 75 மடங்கு. கணுக்கால் சுளுக்கும் லேசான மூளை அதிர்ச்சியுமாக அவர் தப்பினார். 2025 ஜனவரியில் துபாய்ப் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதைத் தமிழர்கள் கைபேசியில் பார்த்தார்கள். காரினுள் பாதுகாப்புக் கூண்டு, ஆசனம், பட்டி, கழுத்துக் கருவி நான்கும் கட்டாயமான பந்தய வகை அது. அவர் காயமில்லாமல் இறங்கி வந்தார்.

ஆனால் ட்ராக் டே ஓட்டுநர் எல்லாருக்கும் இதை அப்படியே சொல்லிவிட முடியாது. கம்பனி பொருத்திய மூன்று முனைப் பட்டியும் காற்றுப்பையும் உள்ள காரில், மேலுடம்பு கொஞ்சம் முன்னே சாயும், ஒரு தோள் சற்றே திரும்பும், காற்றுப்பை தலையை வாங்கிக்கொள்ளும். உடம்பும் தலையும் ஏறக்குறையச் சேர்ந்தே போகின்றன. மேலும், அந்தப் பட்டி ஒரு தோளில்தான் வருவதால் ஹான்ஸ் நுகத்தை அது பிடித்து நிறுத்தாது. அப்படிப்பட்டவர் கருவி இல்லாமலே ஓட்டலாம்; ஓட்டட்டும். ஆபத்து தொடங்குவது, ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று அவர் நான்கு முனைப் பந்தயப் பட்டியை வாங்கிப் பூட்டும்போது. அந்தக் கணமே தோள் நின்றுவிட்டது, தலை நிற்கவில்லை. நல்லெண்ணத்தோடு செய்த மாற்றமே கழுத்தைப் பலி கொடுக்கிறது. தொடைகளுக்கு நடுவே வரும் பட்டி இல்லாததால் உடம்பு கீழே நழுவவும் செய்யும். கூண்டு இல்லாத கார் புரண்டால், நிமிர்ந்தபடி கட்டுண்டவர் தலைமேல் கூரை அமுங்கும். ஆறு முனைப் பட்டி, உரிய ஆசனம், கூண்டு, கழுத்துக் கருவி எல்லாம் ஒரே தொகுதி. ஒன்றை எடுத்தால் மற்றதையும் எடுக்க வேண்டும்.

விலை அதிகம் என்பார்கள். சில நூறு டொலர், இறக்குமதிச் செலவு வேறு. நம் ரூபாவில் அது கனமான தொகைதான். ஆனால் ஒட்டும் ரப்பர் டயர்கள் சில நாளில் தேய்ந்துவிடும், இது பல ஆண்டு வரும். காறை எலும்பு வலிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அளவோ சாய்வோ தப்பாக வாங்கியதன் விளைவு அது. ஆசனம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப 20 பாகை, 30 பாகை என்று நுகங்கள் வருகின்றன. சாதாரண சலூன் காரில் நிமிர்ந்து உட்காருபவருக்கு 20 பாகையே பொருந்தும். கழுத்தில் பஞ்சு வளையம் போதாதா என்றும் கேட்பார்கள். போதாது. அது தலையின் பாரத்தைத் தாங்கலாமே தவிர, எதனோடும் கட்டப்படாததால் இழுவையைத் தடுக்காது. கருவி இருக்கும் தைரியத்தில் வேகம் கூடும் என்பதுதான் சற்று யோசிக்க வேண்டிய வாதம். சிலரிடம் அது நடக்கலாம். அதற்கு மருந்து பக்கத்து ஆசனத்தில் ஒரு பயிற்றுநர். அவரும் அதே கருவி அணிந்திருக்க வேண்டும்.

வேகம் குறைவு என்ற வாதத்தை மலைநாட்டில் ஒருபோதும் ஏற்கக் கூடாது. விமானத்தளத்தில் அமைந்த கட்டுகுருந்தையில் தடம் தவறினால் வெட்டவெளி உண்டு. மலையேற்றப் பாதையிலோ ஒருபக்கம் மண்திட்டு, மறுபக்கம் கானும் மரமும். தடம் தவறிய கார் வேகம் குறைய இடமே இல்லை. 2024 ஏப்ரல் 21-இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் தவறிய கார் ஏழு பேரின் உயிரைப் பறித்தது. அதன் பிறகு பார்வையாளர் எங்கே நிற்பது என்பது பெரிய பேச்சானது, ஆகவும் வேண்டும். அந்தப் பேச்சோடு, ஓட்டுநரின் கழுத்தும் வாகனப் பரிசோதனை மேசைக்கு வரட்டும். பரிசோதகர் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: தோள்பட்டிகள் பின்னால் ஏறக்குறையக் கிடையாகப் போகின்றனவா, நாடாவின் தையல் நைந்திருக்கிறதா, ஹெல்மட்டின் கொக்கி தயாரிப்பாளர் விட்ட இடத்தில் உள்ளதா அல்லது வீட்டில் துளையிட்டதா. மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டோடு வருபவரையும், பந்தயப் பட்டி மட்டும் பூட்டிக் கருவி இல்லாமல் வருபவரையும் தடத்தில் இறக்கக் கூடாது. பின்னவரின் காரில் பழைய மூன்று முனைப் பட்டி இன்னும் இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்லலாம்.