உங்களுக்குத் தெரியுமா? மதுரையில் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு வாடகை வீடு

மாட்டுத்தாவணியில் யாரும் தாவணி விற்றதில்லை. கால்நடைச் சந்தைக்குத்தான் தாவணி என்று பெயர். 1999-இல் அங்கே பேருந்து நிலையம் வந்தது. சென்னை, திருச்சி, நெல்லை வண்டிகளுக்கு அது. தேனி, கோவைக்கு ஆரப்பாளையம். டவுன் பஸ்ஸுக்குப் பெரியார். ஆகவே புரோக்கர் "பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே வீடு" என்றால், "எந்த பஸ் ஸ்டாண்டுண்ணே?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தேனி, போடிப் பக்கம் போகிறவர்களுக்கு இப்போது பஸ்ஸோடு ரயிலும் உண்டு. மதுரையிலிருந்து அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனி வரை, 2023 ஜூனில் போடி வரை ரயில் வந்தது.

பெரியார் பக்கத்துப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் ஒரு காலத்தில் கோட்டை அகழி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்களே இந்த வீதிகளுக்கு நிலைத்தன. இன்று அங்கே லாட்ஜ் கிடைக்கும், கடை கிடைக்கும். குடும்பத்துக்கு வீடு தேடினால் சந்துக்குள் ஏதாவது வளவில் ஒரு போர்ஷன் கிடைப்பதே அதிர்ஷ்டம்.

"மெட்ரோ வரப்போகுது சார்" என்று வாடகையில் ஐநூறு ஏற்றுகிறார்களா? திருமங்கலம்–ஒத்தக்கடை 32 கி.மீ. திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. மக்கள்தொகை 20 லட்சம் வேண்டுமாம். 2011 கணக்கில் மதுரையும் சுற்றுப்புறமும் சேர்த்தே சுமார் 14.65 லட்சம்தான். தண்டவாளம் போட்டதும் அந்த ஐநூறைத் தருவதாகச் சொல்லுங்கள்.

பழங்காநத்தம் பக்கம் ஒரு கேட்டில் சாக்பீஸில் எழுதியிருந்தது: 'வீடு வாடகைக்கு. பஸ் ஸ்டாப் 2 நிமிடம்.' நடந்து பார்த்தேன், ஒன்பது நிமிடம். எழுதியவர் பைக்கில் போகிறவர் போலும். பெண்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2021 மே முதல் இலவசப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அந்த பஸ் நிற்கிற ஸ்டாப்பா என்று தெரிந்துகொண்டால் மாதச் செலவில் நல்ல தொகை மிச்சமாகும்.

மதுரையில் 'ஒத்திக்கு வீடு' என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரும். தென்கொரியாவில் இதற்கு 'ஜொன்சே' என்று பெயர். அங்கே பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பெருகியதால் 2023-இல் தனிச் சட்டமே போட்டார்கள். நம் ஊரில் ஒத்தியை ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கியே முடித்துவிடுகிறார்கள். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமோ, நூறு ரூபாய் அடமானமானாலும் இரண்டு சாட்சிகளோடு பத்திரம் பதிவாக வேண்டும் என்கிறது. அதற்கு முன் வில்லங்கச் சான்று வாங்கிப் பாருங்கள். வீட்டுக்காரர் ஏற்கெனவே பேங்கில் அடகு வைத்திருந்தால் உங்கள் லட்சங்கள் அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. 'வேறு உடன்பாடு இல்லாவிட்டால்' என்று ஒரு வாலும் அதற்கு உண்டு. வீட்டுக்காரர்கள் பிடித்துத் தொங்குவது அந்த வாலைத்தான். ஆனால் என்ன தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த அவர்களுக்கு உரிமையில்லை.

ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடியேற மாட்டார்கள். ஆனியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டியே கிடக்கும். ஆடி நடுவில் போய்ப் பேசி, ஆவணியில் வருவதாக அட்வான்ஸ் கொடுத்தால் வாடகையில் கொஞ்சம் இறங்கி வருவார்கள். அப்படியே, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது?" என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரரிடம் அல்ல, மாடியில் குடியிருக்கும் அக்காவிடம்.